துருவைத் தேய்க்காதீர்கள்

ஆசிரியருக்கு,

பழைய ஜப்பானிய வாள் சேகரிக்கத் தொடங்குவோர் பலர், பிடிக்குள் மறைந்திருக்கும் அடித்தண்டின் கருந்துருவை உப்புத்தாளால் தேய்த்துவிடுகிறார்கள். வயதுக்குச் சாட்சியே அதுதான். அது போனால் விலையும் போச்சு. அங்குள்ள பெயர்ப் பொறிப்பையும் உடனே நம்பக் கூடாது. புகழ்பெற்ற கொல்லர்களின் பெயரைப் பின்னாளில் வெட்டிய போலிகள் ஏராளம்.

வாளுக்குப் பதில், அதன் 'ட்சுபா' எனும் கைக்காப்புத் தகட்டில் சேகரிப்பைத் தொடங்குவதே உத்தமம். நடுத்துளையின் உட்சுவரை உருப்பெருக்கியில் பாருங்கள்: குமிழ்க்குழியோ வார்ப்பு இணைப்புக் கோடோ தெரிந்தால், பெரும்பாலும் அச்சில் வார்த்த நகல். அசலில் பெரும்பாலும் அரத்தின் தடமும், வாளுக்கு இறுக்கமாகப் பொருத்த உளியால் தட்டிய தழும்பும், சிலவற்றில் செருகிய செம்புத் துண்டும் இருக்கும்.

ஜப்பானில் வாங்கும் வாளுக்குப் பதிவுச் சான்றிதழ் கூடவே வரவேண்டும். ட்சுபாவுக்கு அந்தப் பதிவு தேவையில்லை.

— ஒரு வாசகர்