அண்ணனும் மார்புப் பட்டையும்

அன்புள்ள முரளி,

பதில் போடாததற்கு நேரில் திட்டிக்கொள். இப்போது விஷயம் வேறு. அண்ணனுக்கு இதயக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தாயிற்று. பதறாதே, என்னை அதட்டும் அளவுக்குத் தேறிவிட்டார்.

மறுவாழ்வுப் பயிற்சிக்கு மருத்துவமனைக்குப் போக வேண்டியதில்லை. மார்பில் பட்டையைக் கட்டிக்கொண்டு வீட்டிலேயே நடக்கிறார். துடிப்பு போன் வழியாகப் போகிறது. அந்தப் பக்கமிருந்து பிசியோதெரபிஸ்ட், "எவ்வளவு சிரமமா இருக்கு சார்?" என்று கேட்கிறார். அதற்கு போர்க் அளவுகோல் என்று ஒன்று, 6 முதல் 20 வரை; எண் ஏற ஏற சிரமம் அதிகம். அண்ணன் மூச்சு வாங்க வாங்க "ஒன்பது" என்கிறார். பள்ளியில் அவர் வாங்கிய மார்க்கை வீட்டில் சொன்ன லட்சணம் உனக்குத் தெரியுமே!

சேகர் வந்து, "செலவை மிச்சம் பிடிக்க நோயாளியைக் கைகழுவிட்டாங்க" என்று ஆரம்பித்தான். அவன் வாயை அடைக்கவே தேடிப் படித்தேன். நியூசிலாந்தில் 162 இதய நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு, 2019-இல் வெளியானது. ஒரு பகுதியினர் பயிற்சி மையத்துக்குப் போனார்கள், மற்றவர்கள் இப்படிப் போனில். 12 வாரம் கழித்து உடல் திறனில் போன்காரர்கள் சளைக்கவில்லை. திட்டச் செலவும் குறைவு. இடுப்புச் சுற்றளவில் மட்டும் மையத்துக்காரர்கள் முந்தினார்கள். அதை நான் சேகரிடம் சொல்லவில்லை.

நீ கணக்குப் பார்க்கிறவன், அதனால் கேட்கிறேன். ஒரு சிகிச்சை அதன் செலவுக்குத் தகுமா என்று பார்க்க, கூடுதலாகக் கிடைக்கும் ஆயுள் முழு ஆரோக்கியத்தோடு கழிந்தால் வருடத்துக்கு 1, முடங்கிக் கிடந்தால் அதற்கும் குறைவு என்று மதிப்புப் போட்டு, அப்படி ஒரு நல்ல வருடத்துக்கு என்ன செலவு என்று பார்க்கிறார்கள். சரி, யார் செலவு? மருத்துவமனைக் கணக்கில் பிசியோவின் நேரம், கருவி எல்லாம் வரும். நோயாளியின் பயணம், விடுப்பு, துணைக்கு வருகிறவரின் சம்பள இழப்பு வராது. அவற்றையும் சேர்த்தால் வீட்டுப் பயிற்சி இன்னும் மலிவு. அதோடு, மையத்துக்குக் கூப்பிட்டால் பலர் வருவதே இல்லையாம். வராதவருக்காக வாங்கி வைத்த டிரெட்மில்லால் யாருக்கு என்ன பயன்?

ஆனால் அண்ணி இருக்கிறாரே! பட்டையைக் கட்டுவது, சார்ஜ் போடுவது, அண்ணன் நடக்கும்போதெல்லாம் தன் வேலையை விட்டுவிட்டுப் பக்கத்திலேயே நிற்பது எல்லாம் அவர்தான். அங்கே ஒருவர் சம்பளத்துக்குச் செய்கிற வேலை இங்கே இனாம். எனக்கு இதுதான் உறுத்துகிறது. அவருடைய அந்த மணிநேரங்களுக்கும் விலை போட்டால் லாபம் எவ்வளவு மிஞ்சும்? உனக்குப் பிடித்த மாதிரி கட்டம் போட்டு எழுது.

அம்மாவின் முழங்கால் இப்போது எப்படி?

உன்
ரவி