ஒன்றேகால் மணித்தியாலக் கணக்கு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் நல்ல சுகம். வெள்ளிக்கிழமை வேலை முடிய லண்டனிலிருந்து பாரிசுக்குப் பிளேன் ஏறி வருகிறாயாம், ஒன்றேகால் மணித்தியாலப் பயணம்தானே என்றாயாம். அம்மா அன்றைக்கே புட்டுக்கு மா வறுத்துவிட்டா. எனக்கும் பெரிய சந்தோசம். ஆனால் அந்த ஒன்றேகால் மணித்தியாலத்தை நம்பாதே, பிள்ளை.

லண்டனுக்கும் பாரிசுக்கும் நேர்கோட்டில் ஏறக்குறைய 344 கிலோமீற்றர். மேலே பிளேன் பறக்கிற வேகத்துக்கு அரை மணித்தியாலம் கூட வராது. ஓடுபாதைவரை ஊர்ந்துபோய், ஏறி, இறங்க வரிசைக்குக் காத்திருப்பதில்தான் மிச்ச நேரம் போகிறது. உன் வீட்டிலிருந்து ஹீத்ரோவுக்கு ஒரு மணித்தியாலம். இரண்டு மணித்தியாலம் முன்னதாக அங்கே நிற்கவேண்டும். இங்கே சார்ல் து கோல் விமான நிலையம் ஊருக்கு வெளியே 25 கிலோமீற்றரில் இருக்கிறது. பாஸ்போட் வரிசை முடிந்து ஆர்இஆர் பி ரயில் பிடித்து, பாரிசுக்குள் இருக்கிற கார் து நோர் ஸ்ரேசனுக்கு வர இன்னொரு மணித்தியாலம் தாண்டும். கூட்டிப் பார், ஐந்து மணித்தியாலத்துக்கு மேலே. இங்கே கடிகாரமும் ஒரு மணித்தியாலம் முன்னுக்கு ஓடுகிறது. இரவு 8 மணிக்கு ஏறினால் இறங்கும்போது 10.15. வீட்டுக்கு வரச் சாமமாகிவிடும், அந்த நேரத்தில் நீ தனியாக வருவது எனக்கு விருப்பமில்லை.

சனி விடிய யூரோஸ்டார் ரயிலில் வா. லண்டன் சென் பான்கிராஸ் ஸ்ரேசனிலிருந்து கார் து நோருக்கு ஏறக்குறைய 2 மணி 20 நிமிடம். பிரெஞ்சுப் பொலிசும் அங்கேயே பாஸ்போட்டைப் பார்த்துவிடுவதால் இங்கே இறங்கியவுடன் வெளியே வரலாம். கார் து நோரிலிருந்து எங்கள் தமிழ்க் கடைகள் இருக்கிற லாச்சப்பல் நடைதூரம். முதலில் அங்கே ஒரு தேத்தண்ணி குடிப்போம்.

நான் இங்கே வந்த காலத்தில் இந்த வசதி இல்லை. லண்டனில் உன் பெரியப்பாவைப் பார்க்கக் கலேவரை ரயில், பிறகு கப்பல், டோவரில் திரும்ப ரயில் என்று ஒரு நாளே போய்விடும். 1994இல் ரயில் சுரங்கம் திறந்தார்கள். 50 கிலோமீற்றர் நீளம், அதில் 38 கடலுக்கு அடியில். ரயில் அதை இருபது நிமிடத்தில் கடந்துவிடுகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு யாழ்தேவி ரயிலில் போக இதைவிட எத்தனை மடங்கு நேரம்! அதையே நாங்கள் கிட்ட என்றுதான் நினைத்தோம்.

மருமகனும் வந்தால் கொஞ்சம் வெள்ளனக் கிளம்புங்கள். உன்னிடம் பிரெஞ்சுப் பாஸ்போட், அவரிடம் பிரிட்டிஷ். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு 2025 ஒக்ரோபரில் தொடங்கிய புதிய பதிவுக்காக அவருக்குக் கைரேகையும் படமும் எடுப்பார்கள்.

ஞாயிறு திரும்பும்போது அந்த ஒரு மணித்தியாலம் உனக்குத் திரும்பக் கிடைக்கும். ஆகவே மத்தியான ரயிலுக்குப் போடாதே, பின்னேரத்துக்குப் போடு. இருந்து சாப்பிட்டுப் போகலாம். அம்மா போட்ட எலுமிச்சங்காய் ஊறுகாயையும் முழுப் போத்தலாகவே கொண்டுபோகலாம், ரயிலில் 100 மில்லிலீற்றர் கட்டுப்பாடு இல்லை.

பிந்தப் பிந்த ரிக்கற் விலை ஏறும். இன்றைக்கே பார். காசு நான் அனுப்புகிறேன், வேண்டாம் என்று சொல்லாதே. மாதத்துக்கு ஒருதரமாவது நீ வந்துபோக வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசை. ரிக்கற் போட்டதும் நேரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பு, நான் ஸ்ரேசனில் நிற்பேன்.

அன்புடன்,
அப்பா