இன்று ராத்திரி இரண்டாவது ஊசி

அன்புள்ள தங்கைக்கு,

"குறைமாசத்திலேயே குழந்தை பிறந்துடலாம்னு ஸ்டீராய்டு ஊசி போடணும்னு சொல்றாங்க, போட்டுக்கலாமா அக்கா?" என்று நேற்று ராத்திரி போனில் கேட்டாய். "உடனே போட்டுக்கோ" என்று சொல்லி வைத்துவிட்டேன். விளக்கம் சொல்ல அது நேரமில்லை. இதே கேள்வியை வேறு பலரும் கேட்பதால், இப்போது எல்லாருக்கும் தெரியும்படியே எழுதுகிறேன்.

பச்சிளங்குழந்தை வார்டில் 30 வாரத்தில் பிறந்தவர்கள் மூச்சுவிடப் படும் பாட்டை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவெலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே இழுக்கும். மூச்சை வெளியே விடும்போது 'ம்ம்' என்று ஒரு முனகல். வலி என்று நினைப்பார்கள், அது வலியில்லை. காற்று முழுக்கப் போய்விட்டால் நுரையீரலின் சிற்றறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். அதனால் கொஞ்சம் காற்றைப் பிடித்து வைக்கிறது அந்தக் குழந்தை. ஒட்டாமல் காப்பது சர்ஃபாக்டன்ட் என்ற மெல்லிய பூச்சு. அது போதுமான அளவு ஊற 34, 35 வாரம் ஆகும். உனக்கு இப்போது 30.

அந்த வேலையை முடுக்கிவிடத்தான் இந்த ஊசி. நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையிடம் போய்ச்சேரும். மூளையில் ரத்தக்கசிவு வரும் வாய்ப்பையும் குறைக்கிறது.

இதில் வேடிக்கை, நுரையீரலை யாரும் தேடிப் போகவில்லை. நியூசிலாந்தில் லிக்கின்ஸ் என்ற மகப்பேறு மருத்துவர், பிரசவ வலி எப்படித் தொடங்குகிறது என்று ஆடுகளில் ஆராய்ந்துகொண்டிருந்தார். ஸ்டீராய்டு கொடுத்த ஆட்டுக்குட்டி, பிழைக்கவே முடியாத அளவு முன்கூட்டிப் பிறந்தும் மூச்சுவிட்டது. 1972இல் அவரும் குழந்தை மருத்துவர் ஹோவியும் 282 தாய்மாரிடம் செய்த சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு இதைப் பரவலாகக் கொடுக்கச் சொன்னது 1994இல்! நடுவில் போன 22 வருஷத்தை நினைத்தால் எனக்கு இன்னும் ஆற்றாமைதான்.

அப்புறம், உன் மாமியார் பயப்படுவது ஜிம்மில் உடம்பு ஏற்றப் போடுகிற ஸ்டீராய்டை நினைத்து. அது வேறு, இது வேறு. இது பீட்டாமெத்தசோன் என்ற மருந்து, 12 மில்லிகிராம், 24 மணி நேரம் கழித்து இன்னொரு 12, அவ்வளவுதான். வாராவாரம் போடுவதும் கிடையாது. உனக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறலாம், பார்த்துக்கொள்வார்கள். ஓரிரு நாள் குழந்தையின் அசைவு குறைந்த மாதிரி இருக்கலாம். அது ஊசியால்தான் என்று நீயே முடிவு செய்யாதே, நர்ஸிடம் சொல்.

இன்று ராத்திரி ஒன்பதரைக்கு இரண்டாவது. போட்டதும் ஒரு மிஸ்டு கால் கொடு, முழித்திருப்பேன்.

உன் அக்கா