மாமாவின் கேள்விக்கு ஸ்பிளிட்டிலிருந்து பதில்

ஸ்பிளிட், குரோவேசியா

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலம். இந்தியக் கால்பந்து அணியின் கோச்சாக இருந்த குரோவேசியர் இகோர் ஸ்டிமாக்கைப் பற்றி நீங்கள் கேட்டதற்குக் கீழே பதில் எழுதியிருக்கிறேன். அத்தையையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்லுங்கள். கோடை முடிந்து டூரிஸ்ட் கூட்டம் போய்விட்டது, சமையற்கட்டில் இப்போதுதான் மூச்சுவிட நேரம் கிடைக்கிறது. என்னோடு பாத்திரம் கழுவுகிறவர்களும் காய் நறுக்குகிறவர்களும் நேபாளிகள். இந்த ஊர்ப் பையன்கள் ஜெர்மனிக்கும் அயர்லாந்துக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள், அவர்கள் விட்ட இடத்துக்கு நாங்கள் வந்திருக்கிறோம். குளிர்காலத்தில் மலைப் பக்கமிருந்து 'பூரா' என்று ஒரு காற்று இறங்கும். அது அடிக்கிற நாளில் சிறு படகுகள் கரையை விட்டு நகராது. அத்தை சாப்பாட்டைப் பற்றிக் கேட்டிருந்தார். நம் சாளை இங்கேயும் கிடைக்கிறது. மிளகாய் கிடையாது, மசாலா கிடையாது. தீயில் வாட்டி ஒலிவ எண்ணெயும் பூண்டும் ஊற்றித் தருகிறார்கள். சாப்பிடலாம்.

கோயில் விஷயமும் சொல்ல வேண்டும். மே 7 இந்த ஊர்ப் பாதுகாவலர் புனித துயேயின் திருவிழா. பவனி நம் ஊர்த் திருவிழாவைப் போலத்தான், வெடி மட்டும் குறைவு. அவரைக் கி.பி. 304இல் கொன்றது ரோமப் பேரரசன் டயோக்ளீஷியன் காலத்து ஆட்சி. அந்த அரசன் தனக்கென்று கட்டிக்கொண்ட கல்லறை மண்டபம்தான் இன்று அதே புனிதரின் பேராலயம். அரசனின் எலும்பு எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது!

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். "நம் டீமைக் கெடுத்துவிட்டுப் போன இகோர் ஸ்டிமாக்கை அங்கே யாராவது மதிக்கிறார்களா?" என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் தலைமைச் சமையல்காரர் அறுபதை நெருங்குகிறவர், ஸ்டிமாக் ஆடிய இந்த ஊர்க் கால்பந்து கிளப்பான ஹைடுக்கின் பைத்தியம். இங்கே எல்லாரும் அப்படித்தான். சுவர், மின்பெட்டி, படகுத்துறை என்று கிளப்பின் சின்னம் வரையாத இடம் இல்லை. ரசிகர் படையான 'டோர்சிடா' 1950இல் தொடங்கியது. அவரிடம் ஸ்டிமாக் பேரைச் சொன்னேன். இந்தியாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, நேரே 1991க்குப் போய்விட்டார்.

அந்த வருடம் மே 2ஆம் தேதி போரோவோ செலோ என்ற கிராமத்தில் 12 குரோவேசிய போலீஸ்காரர்கள் கொல்லப்பட்டார்கள். குரோவேசியாவும் செர்பியாவும் சேர்ந்திருந்த யூகோஸ்லாவியா என்ற நாடு உடைகிற நேரம். அடுத்த ஆறாவது நாள், மே 8, பெல்கிரேடில் யூகோஸ்லாவிய கோப்பையின் இறுதிப் போட்டி. ஹைடுக்குக்கு எதிராக செர்பியாவின் பெல்கிரேட் நகரத்துக் கிளப் ரெட் ஸ்டார். அந்த ரெட் ஸ்டார் லேசுப்பட்ட அணி அல்ல மாமா, அதே மாதக் கடைசியில் ஐரோப்பியக் கோப்பையையே வென்ற அணி. ஆட்டத்தில் ஸ்டிமாக்கும் அந்தப் பக்கத்து சினிஷா மிஹாய்லோவிச்சும் மோதி, இரண்டு பேருமே சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார்கள். என்ன பேசிக்கொண்டார்கள் என்பதில் இரண்டு பக்கமும் ஒரே கதை சொல்வதில்லை. கடைசியில் அலென் போக்ஷிச் அடித்த கோலில் ஹைடுக் 1-0 என ஜெயித்தது. அடுத்த மாதம் குரோவேசியா விடுதலையை அறிவித்தது. அந்தக் கோப்பையை ஹைடுக் திருப்பிக் கொடுக்கவே இல்லை, இன்னும் ஸ்பிளிட்டில்தான் இருக்கிறது. இதைச் சொல்லும்போது சமையல்காரர் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டார், அவ்வளவு வேகம்.

ஸ்டிமாக் பிறந்தது நெரெத்வா ஆற்றங்கரையில் உள்ள மெட்கோவிச்சில். 1987இல் சிலியில் இளையோர் உலகக் கோப்பையை வென்ற யூகோஸ்லாவிய அணியில் இருந்தார். சூகெர், போபன், ப்ரோசினெச்கி எல்லாரும் அதே செட். அப்புறம் ஸ்பெயினில் காடிஸ், 1995இல் இங்கிலாந்தில் டெர்பி கவுண்டி. அங்கே முதல் ஆட்டத்தில் இவர் ஒரு கோல் போட்டும் அணி 5-1 எனத் தோற்றது. அதற்குப் பிறகு 20 லீக் ஆட்டங்களில் தோல்வியே இல்லை, பிரீமியர் லீக்குக்கும் ஏறிவிட்டார்கள். 1998 உலகக் கோப்பையில் குரோவேசியா மூன்றாம் இடம் பிடித்தபோது தடுப்பு வரிசையில் நின்றவர் இவர். இன்றைக்கும் 40 லட்சம் பேர்கூட இல்லாத நாடு இது.

ஆனால் கோச் ஸ்டிமாக் என்றால் சமையல்காரர் உதட்டைப் பிதுக்குகிறார். 2012இல் தேசிய அணியைக் கொடுத்தார்கள். மறுவருடம் ஸ்காட்லாந்தில் 0-2 தோல்வி, பதவி போனது. பிளே-ஆஃபில் ஜெயித்து அணியை உலகக் கோப்பைக்குக் கூட்டிப்போனது அவருக்குப் பின் வந்த கோச் நிகோ கோவாச். அதன் பிறகு இவர் ஈரானில் செபாஹான், கத்தாரில் அல்-ஷஹானியா என்று போய், 2019இல் இந்தியா வந்தார். கான்ட்ராக்ட் எங்கே கிடைக்கிறதோ அங்கே பெட்டியைத் தூக்குகிற பிழைப்பு. நீங்கள் வளைகுடாவில் மீன்பிடிக்கப் போனதற்கும் நான் இங்கே வந்ததற்கும் அவர் இந்தியா வந்ததற்கும் அதிக வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. ஒன்றைத் தவிர. நம்மை வேண்டாம் என்றால் விசாவும் சேர்ந்து போகும். அவரைப் பாதியில் நீக்கியதற்கு 4 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டார்கள் என்று செய்தி வந்தது.

குவஹாத்தியில் ஆப்கானிஸ்தானிடம் 1-2 எனத் தோற்றதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆசியக் கோப்பையில் மூன்று ஆட்டத்திலும் ஒரு கோல்கூட இல்லை, அதற்கும் பதில் இல்லை. ஆனால் 2024 ஜூனில் கத்தாருக்கு எதிராக, கோட்டைத் தாண்டி வெளியே போன பந்தை இழுத்து அடித்ததைக் கோல் என்று கொடுத்தார்களே, அதையுமா அவர் கணக்கில் எழுதுவீர்கள்? 2021, 2023 என்று தெற்காசிய நாடுகள் மோதும் சாஃப் கோப்பை இரண்டு இவர் காலத்தில்தான் வந்தது.

இன்னொன்று. 2019 கிங்ஸ் கோப்பையில் குராசாவோவுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே நம் கடற்கரைப் பையன் மைக்கேல் சூசைராஜை இந்தியச் சட்டையில் இறக்கிவிட்டது யார் மாமா? அன்றைக்கு ஊர் முழுக்கப் போனைக் காட்டிக்கொண்டு திரிந்தது நீங்கள்தான்.

சின்னவன் ஹைடுக் சட்டை கேட்டிருக்கிறான். கடையில் விலை அதிகம். சீசன் முடிந்தால் பழைய மாடல் விலை இறங்கும் என்கிறார் சமையல்காரர், அதுவரை பொறுக்கச் சொல்லுங்கள். பணம் வெள்ளிக்கிழமை அனுப்புகிறேன். வள்ளத்து இன்ஜினை முதலில் பாருங்கள், கூரையைப் பிறகு பார்க்கலாம்.

அன்புடன்,
உங்கள் மருமகன்