மெமரி வகையையும் எழுதுங்கள்: மடிக்கணினி நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மடிக்கணினி நிறுவனத்தாருக்கு,

வணக்கம். பழைய மடிக்கணினிகளைப் பழுது பார்க்கும் சின்னக் கடை என்னுடையது. ஜிஃபோர்ஸ் 940எம்எக்ஸ் என்ற கிராஃபிக்ஸ் சிப்பின் விவகாரம் உங்களுக்குத் தெரியாததல்ல. 2016-இல் வந்த சிப். சிப்புக்கும் அதன் மெமரிக்கும் இடையே தரவு போய்வரும் பாதையான பஸ் 64 பிட். ஒரே பெயரில் சிலவற்றுக்கு டிடிஆர்3 மெமரி, சிலவற்றுக்கு ஜிடிடிஆர்5. முதலாவதில் நொடிக்குச் சுமார் 16 ஜிபி தரவுதான் போய்வரும், இரண்டாவதில் 40 ஜிபி. உங்கள் விவரத்தாள்கள் பலவற்றில் "940எம்எக்ஸ், 2 ஜிபி" என்பதோடு சரி.

போன வாரம் ஒரு கல்லூரி மாணவி அப்பாவோடு வந்தார். செகண்ட் ஹேண்டில் வாங்கிய கணினி. தோழியிடம் இருப்பதும் இதே சிப், இதே 2 ஜிபி. ஆனால் இவருடையதில் முப்பரிமாணப் படத்தைத் திருப்பினால் திக்கித் திக்கி நகர்கிறது. வைரஸ் என்று நினைத்து விண்டோஸை மறுபடி போட்டிருக்கிறார், ரேமும் கூட்டியிருக்கிறார். கிராஃபிக்ஸ் சிப்பின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்து காட்டினேன். மெமரி வகை என்ற கட்டத்தில் டிடிஆர்3. இது ரேம் அல்ல, கிராஃபிக்ஸ் சிப்புக்கென்று போர்டிலேயே சால்டர் செய்த மெமரி, மாற்ற வழியில்லை. "அப்போ ரேமுக்குப் போட்ட காசு?" என்று அப்பா கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள். தயவுசெய்து மெமரி வகையை எழுதுங்கள்.

அதோடு நின்றதா? 2017-இல் எம்எக்ஸ்150 என்ற இன்னொரு கிராஃபிக்ஸ் சிப் வந்தது. 25 வாட்டில் ஒன்று, அதைவிட மெதுவாக ஓடும் 10 வாட்டில் ஒன்று, பெயர் மட்டும் ஒன்றே. அடுத்த ஆண்டு விமர்சகர்கள் அளந்து பார்த்துச் சொன்ன பிறகுதான் வாங்கியவர்கள் பலருக்கும் விஷயம் தெரிந்தது. எண்ணெய் பாக்கெட்டில்கூட அளவை அச்சிட்டே ஆக வேண்டும். குடும்பமே சேர்த்து வைத்து வாங்கும் பொருளுக்கு அந்த ஒரு வரி கிடையாதா? ஜிபியைப் பெரிய எழுத்தில் ஒட்டத் தெரிந்த உங்களுக்கு இது முடியாத காரியமில்லை.

கேட்பது இவ்வளவுதான். சீரியல் எண்ணைக் கொடுத்தால் கிராஃபிக்ஸின் மெமரி வகை, பஸ் அகலம், வாட் அளவு மூன்றும் உங்கள் தளத்தில் தெரிய வேண்டும். விற்பனை நின்றுபோன மாடல்களின் பக்கங்களையும் நீக்காமல் வையுங்கள். மாணவர்கள் வாங்குவது பெரும்பாலும் அவற்றைத்தான்.

இப்படிக்கு,
ஒரு சர்வீஸ் கடைக்காரர்