மாநாட்டுக்குப் போயிருக்க வேண்டுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

மியான்மர் பற்றி உங்கள் நடுப்பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். பெரும்பாலும் ஒத்துக்கொள்ளக்கூடியதுதான். ஆனால் 2004 மே மாதம் ராணுவம் கூட்டிய அரசியல் சட்ட மாநாட்டுக்கு ஆங் சான் சூச்சியின் கட்சி போகாதது வறட்டுப் பிடிவாதம், போயிருந்தால் நாலு நல்ல ஷரத்தையாவது உள்ளே நுழைத்திருக்கலாம் என்று கட்டுரையாளர் போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டார். எனக்கு அந்த வரியோடுதான் சண்டை. 1962இல் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்த பிறகு கடை கண்ணியை அங்கேயே போட்டுவிட்டுக் கப்பலேறி வந்தவர்களின் குடும்பங்கள் நம் மதுரை வட்டாரத்திலும் உண்டு, அதனால் பர்மா அரசியல் இங்கே யாருக்கும் அந்நியமான விஷயம் இல்லை.

சூச்சியின் கட்சியினர் இந்த மாநாட்டுக்கு ஏற்கெனவே ஒருமுறை போய்ப் பார்த்தவர்கள். கட்டுரையில் விடுபட்டது இதுதான். 1990 தேர்தலில் 485 இடங்களில் 392ஐ அந்தக் கட்சி ஜெயித்தது, ராணுவம் ஆட்சியைக் கொடுக்கவில்லை, முதலில் அரசியல் சட்டம் எழுதுவோம் என்று சொல்லி 1993 ஜனவரியில் மாநாட்டைத் தொடங்கியது. வந்து உட்கார்ந்தவர்கள் சுமார் 700 பேர். அதில் ஜெயித்த கட்சியின் ஆட்கள் நூறு பேர்கூட இல்லை, மிச்சத்தில் பெரும்பாலோர் ராணுவமே பொறுக்கி எடுத்தவர்கள். மாநாட்டின் ஆறு நோக்கங்களை முன்கூட்டியே அறிவித்துவிட்டார்கள். ஆறாவது, நாட்டின் அரசியலில் ராணுவத்துக்குத் தலைமைப் பங்கு வேண்டும் என்பது. அப்புறம் எதைப் பேச? பேச நினைப்பதையும் முதலிலேயே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். டாக்டர் ஆங் கின் சின்ட் என்ற பிரதிநிதி, தேர்தலில் ஜெயித்தவர், மாநாட்டைப் பற்றித் துண்டறிக்கை கொடுத்தார் என்பதற்காக அதே ஆண்டு 20 வருடத் தண்டனை பெற்றார். இத்தனைக்கும் பிறகு இரண்டு வருடத்துக்கு மேல் அந்தக் கட்சி உள்ளேயே இருந்து பார்த்தது. விதிகளை மாற்றுங்கள் என்று கேட்டு, நடக்காமல், 1995 நவம்பர் கடைசியில் வெளியே வந்தது; உடனே அவர்களை மாநாட்டிலிருந்து நீக்கியும் விட்டார்கள். அடுத்த வருடம், மாநாட்டை விமர்சித்தால் 20 ஆண்டு வரை சிறை என்று ஒரு சட்டமே போட்டார்கள்.

எங்கள் பக்கத்துக் கிராமம் ஒன்றில், பெயர் வேண்டாம், கிராம சபைக் கூட்டத்துக்குப் போனால் தீர்மான நோட்டு முதலில் நம் கைக்குத்தான் வரும். மேலே பக்கம் முழுக்க வெற்றாக இருக்கும், கீழே வரிசை எண் போட்டிருக்கும், கையெழுத்தைப் போடுங்கண்ணே என்பார்கள். தீர்மானம் என்ன என்று கேட்டால், அதெல்லாம் அப்புறம் எழுதிக்குவோம் என்று பதில். கேள்வி கேட்டவருக்கும் அந்த நோட்டில் கையெழுத்து இருக்கும், தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியிருக்கும். 2004இல் அந்தக் கட்சியிடம் கேட்கப்பட்டது இந்தக் கையெழுத்துதான். இங்கே கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்தால் முறைப்பார்கள், அவ்வளவுதான்; அங்கே சிறை.

அந்த 2004 கதையையும் கொஞ்சம் பாருங்கள். அதற்கு முந்தின வருடம் மே 30ஆம் தேதி டெபாயின் என்ற ஊரில் சூச்சியின் வாகன வரிசையைக் கும்பலை வைத்து அடித்து, ஆட்களைக் கொன்று, அவரையும் துணைத் தலைவர் டின் ஊவையும் பிடித்து அடைத்துவிட்டு, மூன்றே மாதத்தில் ஜனநாயகத்துக்கு ஏழு அம்சத் திட்டம் என்று அறிவித்தார்கள். பாதியில் நின்றுபோன அந்தப் பழைய மாநாட்டை மறுபடி கூட்டுவது அதன் முதல் படி. கட்சி கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை: இரண்டு தலைவர்களையும் விடுங்கள், பூட்டிய கட்சி அலுவலகங்களைத் திறந்து விடுங்கள். தலைமை அலுவலகத்தை மட்டும் திறக்க விட்டார்கள். மே 14இல் கட்சி வரவில்லை என்று சொன்னது, 17இல் மாநாடு அவர்கள் இல்லாமலேயே தொடங்கியது, 1990களில் முடிவு செய்த 104 அடிப்படைக் கொள்கைகளை அப்படியே வைத்துக்கொண்டு. மாநாட்டை நடத்தும் குழுவுக்குத் தலைவர் தெயின் செயின், பின்னாளில் ஜனாதிபதி ஆனாரே, அவரேதான்.

இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் நம் ஊரில் யாராவது 1937ஐ இழுப்பார்கள். நியாயமான ஒப்பீடுதான், நானும் யோசித்திருக்கிறேன். வெள்ளைக்காரன் எழுதிய 1935ஆம் வருடச் சட்டத்தின் கீழ் பதவி ஏற்பதா வேண்டாமா என்று காங்கிரசில் பெரிய சண்டை, நேரு வேண்டாம் என்றார், சத்தியமூர்த்தி ஏற்கலாம் என்றார், கடைசியில் ஜூலையில் ராஜாஜி சென்னையில் பதவி ஏற்றார். பலன் இல்லாமல் போகவில்லை. 1939 ஜூலை 8இல் வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்டவர்களை அழைத்துக்கொண்டு மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் போனபோது, எங்கள் மேலூர் தும்பைப்பட்டிக்காரர் கக்கனும் உடன் போனபோது, அவர்கள் மேல் வழக்குப் பாயாமல் தடுத்தது ராஜாஜி அரசு கொண்டுவந்த அவசரச் சட்டம்தான். சரி, ஆனால் அது எப்படி முடிந்தது? காங்கிரஸ் தேர்தலில் நின்று 215இல் 159 இடம் ஜெயித்து உள்ளே போனது, பெரும்பான்மை கையில் இருந்தது, ஆளுநர் தலையிடுவாரா மாட்டாரா என்று மாதக்கணக்கில் பேரம் பேசிவிட்டுப் போனது, பிடிக்காதபோது அக்டோபரில் ராஜினாமா செய்துவிட்டு வெளியே வந்தது. இவற்றில் ஒன்றுகூட யாங்கூனுக்கு வெளியே போட்ட அந்த மாநாட்டு முகாமில் கிடையாது.

போனவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதையும் கட்டுரையாளர் எழுதியிருக்கலாம். வடக்கே கச்சின் இனத்தவரின் ஆயுத அமைப்பு போனது. போர் நிறுத்தம் செய்திருந்ததால் போக வேண்டிய கட்டாயம்கூட. 2007 ஜூலையில் 19 அம்சக் கோரிக்கை கொடுத்தார்கள், எதுவும் ஏறவில்லை, செப்டம்பரில் மாநாடு முடிந்தது. 2009இல் உங்கள் படையை எங்கள் எல்லைக் காவல் படையாக மாற்றுங்கள் என்று ராணுவத்தின் நெருக்கடி, 2011 ஜூனில் மறுபடி சண்டை.

புறக்கணித்ததால் அரசியல் சட்டம் நின்றுவிடவில்லை, அது உண்மைதான். நர்கிஸ் புயலில் ஒரு லட்சத்து முப்பதாயிரம் பேருக்கு மேல் செத்தும் காணாமலும் போய் ஒரு வாரம்தான் ஆகியிருந்தது, 2008 மே 10இல் பொதுவாக்கெடுப்பு நடத்தி 92 சதவீதத்துக்கு மேல் ஆதரவு என்று அறிவித்தார்கள், அந்தக் கணக்கை நம்புகிறவர்கள் நம்பட்டும். நாடாளுமன்றத்தில் கால்வாசி இடம் ராணுவத்துக்கு, முக்கியமான ஷரத்தை மாற்ற முக்கால்வாசிக்கு மேல் ஓட்டு வேண்டும். அந்தப் பூட்டோடு வாழ்ந்து பார்ப்போம் என்று 2012இல் கட்சி இடைத்தேர்தலில் இறங்கியதை நான் குறை சொல்ல மாட்டேன், மக்கள் ஓட்டு என்று ஒன்று அங்கே இருந்தது. 2015 தேர்தலில் ஜெயித்து அடுத்த வருடம் ஆட்சிக்கே வந்தார்கள். 2020 மார்ச்சில் அந்தக் கால்வாசியைப் படிப்படியாகக் குறைக்கத் திருத்தம் கொண்டுவந்தார்கள், ராணுவ உறுப்பினர்கள் அதைத் தோற்கடித்தார்கள். அடுத்த வருடம் பிப்ரவரி 1இல் ராணுவம் ஆட்சியையே பிடுங்கிக்கொண்டது, 2023 மார்ச்சில் கட்சியையும் கலைத்துவிட்டார்கள். ஓட்டு வாங்கி ஆட்சியில் உட்கார்ந்தபோதே அந்த ஷரத்தை அசைக்க முடியவில்லை. ராணுவம் பொறுக்கிய ஆட்களுக்கு நடுவே, எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கிப் பேசி, எந்த நாலு ஷரத்தை நுழைத்திருப்பார்கள் என்று கட்டுரையாளர் சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மேலூர்.