பாப்பாவுக்கு, வீட்டு விலை விஷயமாக

அன்புள்ள பாப்பா,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. கடையைத் தம்பி பார்த்துக்கொள்கிறான், நான் சாயங்காலம் போய்க் கல்லாவில் உட்காருவதோடு சரி.

அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் நீ அனுப்பிய பெரும்பாக்கம் வீட்டின் விலைத்தாளைப் பார்த்தேன். எனக்கு அனுப்பக் கூடாதா? போகட்டும். மேலே 44 லட்சம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறான். கீழே பொடி எழுத்தில் கார் பார்க்கிங் 2 லட்சம், பொது வசதிக்கு 1 லட்சம். ஆக 47. அங்கேதான் அடி விழுகிறது. கட்டி முடியாத வீட்டுக்கு 2019 ஏப்ரலிலிருந்து ஜிஎஸ்டி இரண்டு விதம். மொத்தம் 45 லட்சத்துக்குள் இருந்து, சென்னையில் கார்ப்பெட் ஏரியா, அதாவது வெளிச்சுவர் போக உள்ளே புழங்கும் இடம், 60 சதுர மீட்டரைத் தாண்டாவிட்டால் 1 சதவீதம். இரண்டில் எது தாண்டினாலும் 5. பார்க்கிங்கும் அந்த மொத்தத்தில் சேர்த்தி. 45-க்கு முடிந்தால் வரி 45 ஆயிரம். 47 என்றால் 2 லட்சத்து 35 ஆயிரம். உன்னிடம் காரே இல்லையே, பார்க்கிங் எதற்கு? மாப்பிள்ளையிடம் இருக்கிறது, தெரியும்.

2019-ல் வைத்த அந்த 45 லட்சக் கோடு அப்படியே நிற்கிறது. மெட்ராஸ் விலை நிற்கிறதா? நாலு கோடிக்கு வாங்குகிறவனுக்கும் 5, மாதச் சம்பளக்காரி உனக்கும் 5. பெரியப்பா பழைய வீட்டை விற்றாரே, அதற்கு ஜிஎஸ்டி ஒரு பைசா கிடையாது. வீடு வைத்திருப்பவனுக்கு விலை ஏறினால் லாபம், முதல் வீடு வாங்குகிறவள்தான் வரியும் கட்டிக்கொண்டு வாசலில் நிற்க வேண்டும். இதில் என்ன நியாயமோ!

இன்னொன்று. பில்டருக்கு இந்த வீடுகளில் இன்புட் கிரெடிட் கிடையாது, அதாவது சாமான் வாங்கும்போது கட்டிய வரியைத் தன் வரியில் கழித்துக்கொள்ள முடியாது. சிமெண்டுக்கும் கம்பிக்கும் அவன் கட்டிய வரியெல்லாம் விலைக்குள் ஒளிந்திருக்கிறது. சிமெண்ட் வரியை 2025 செப்டம்பர் 22 முதல் 28-லிருந்து 18 ஆக்கிவிட்டார்கள். மறுநாளே நம் கடைக்கு வந்து ஒரு மூட்டை வாங்குகிறவர்கூட, குறைத்துக் கொடுங்கள் அண்ணாச்சி என்று நின்றார். நீயும் கேள். சிமெண்ட் கடைக்காரன் மகள் கேட்காமல் வரக் கூடாது. முடித்து, கம்ப்ளீஷன் சர்டிஃபிகேட் வாங்கிய வீடாக இருந்தால் ஜிஎஸ்டியே இல்லை, அதையும் யோசி. ஆனால் வரியை விலையில் ஏற்றியிருப்பான், கணக்குப் பார். பத்திரச் செலவு தனி.

நம் வீட்டில் சொந்தச் சம்பளத்தில் வீடு வாங்கும் முதல் பெண் நீதான். அத்தையிடம் சொல்லியாகிவிட்டது. அவள், இரண்டு பேர் சம்பளத்தில் வாங்கலாமே என்றாள். நான் பதில் சொல்லவில்லை. போன தீபாவளிக்கும் நீ மட்டும் வந்தாய். மாப்பிள்ளைக்கு ஆபீஸில் வேலை இருந்திருக்கும். பொங்கலுக்கும் இருந்திருக்கும்.

பார்க்கிங்கை எடுக்கச் சொல். 45-ஐத் தாண்டாதே. குறைகிற பணத்துக்கு வெளியே கடன் வாங்காதே, என்னிடம் கேள். எதற்காக என்று கேட்க மாட்டேன்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் அந்தத் தாளின் இரண்டாம் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பு, அம்மாவின் போனில் முதல் பக்கம்தான் இருக்கிறது. வாங்குகிறவர் பெயர் எழுதும் இடம் இரண்டாம் பக்கத்தில்தானே இருக்கும்.

அன்புடன்,
அப்பா
கோவில்பட்டி